பகைவர் முன்னிலையில்

மகாவீர சக்ரத்தை அருகில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அது அப்படியொன்றும் பெரிய ஆபரணமாகத் தோன்றாது. வட்டமான வெள்ளித் தகடு. அதன் விளிம்பைத் தொட்டு நிற்கும் ஐந்து முனை நட்சத்திரம். நட்சத்திரத்தின் நடுவே குமிழ்போல் எழுந்த பகுதியில் பொன்முலாம் பூசிய அரசுச் சின்னம். பின்புறத்தில் பதக்கத்தின் பெயரும் இரண்டு தாமரை மலர்களும். அதைத் தாங்க, பாதி வெண்மையும் பாதி ஆரஞ்சு வண்ணமுமான ஒரு நாடா. இவ்வளவுதான். ஐரோப்பாவில் பிறந்து, இந்திய ராணுவ உத்தியோகஸ்தர் ஒருவரை மணந்து, நம் புராண இதிகாசங்களில் ஆழ்ந்து தோய்ந்தவரான சாவித்திரி கானோல்கர் அம்மையார் உருவம் வகுத்த இந்தப் பதக்கம், குடியரசு பிறந்த 1950 ஜனவரி 26-ஆம் தேதியன்றே, 1947 ஆகஸ்டு 15 முதல் நிகழ்ந்த வீரச் செயல்களுக்கும் பொருந்தும்படியாக ஏற்படுத்தப்பட்டது. போர்க்களத்து வீரத்துக்கான விருதுகளில் பரமவீர சக்ரத்துக்கு அடுத்த ஸ்தானம் இதற்கு. இதற்கும் அடுத்தது வீர சக்ரம்.

இந்த மூன்றுக்கும் பொதுவாக விதியில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். தரையிலோ கடலிலோ ஆகாயத்திலோ, எங்கே நிகழ்ந்தாலும், அந்தத் துணிவு பகைவர் முன்னிலையில் காட்டப்பட்டதாக இருக்கவேண்டும். தரைப்படை வீரனுக்கு இந்த நிபந்தனையின் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எதிர் மேட்டில் பதுங்கு குழி இருக்கிறது. அதிலிருந்து குண்டு வருகிறது. பகைவன் இருப்பதை அவன் கண்ணும் காதும் அறியும். கடலில் அப்படியல்ல. நாலு புறமும் நீர். அடிவானம்வரை ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாமைக்குள்ளேதான் பகைவன் இருக்கிறான். 1971 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு அரபிக் கடலில் மகாவீர சக்ரத்துக்கு உரியவரான கேப்டன் மகேந்திர நாத் முல்லா, தம் பகைவரை ஒரு கணமும் கண்ணால் காணவில்லை. அவர்மீது ஒரு குண்டைக்கூடச் செலுத்தவில்லை. தாம் நின்ற கப்பலையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆயினும் அவருக்கு அளித்த கௌரவத்தைவிடப் பொருத்தமான கௌரவம் நம் கடற்படையின் சரித்திரத்தில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அது ஏன் என்று சொல்வதற்கே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முல்லா 1926 மே 15 அன்று கோரக்பூரில் பிறந்தவர். கடற்படைப் பயிற்சி மாணவராகச் சேர்ந்து, சுதந்திரம் வந்த மறு ஆண்டில், 1948 மே மாதம் முதல் தேதி உத்தியோகஸ்தர் பதவி பெற்றார். 1971-இல் அவருக்கு வயது 45. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உள்ள குடும்பஸ்தர். ஐ.என்.எஸ். குக்ரியின் கேப்டன் என்பதோடு, பதினாலாவது ஃபிரிகேட் அணிக்கும் அவரே தலைவர். அந்த அணியில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் மூன்று கப்பல்கள். குக்ரி என்பது கூர்க்கர் இடையில் செருகும் வளைகத்தி. கிர்ப்பான் சீக்கியரின் வாள். குடார் என்பது நம் கோடரிக்கு உறவான சொல். பெயரளவில் மூன்றும் கூரிய ஆயுதங்களே. ஆனால் பிரிட்டனில் வைட் தீவிலுள்ள கௌஸ் என்னும் ஊரில் கட்டப்பட்டு 1958-இல் நம் கடற்படையில் சேர்ந்த குக்ரி, 1971-இன் பாகிஸ்தான் போருக்குள் பழைய கப்பலாகிவிட்டது. நீர்மூழ்கிகளை வேட்டையாடுவது ஒன்றே அதற்கென விதிக்கப்பட்ட தொழில். பீரங்கி என்று சொல்ல அதில் சிறிய துப்பாக்கிகளே இருந்தன.

நீர்மூழ்கியை வேட்டையாடுவது எப்படி என்று தெரியாமல் இந்தக் கதை விளங்காது. ஒளி கடல்நீரில் வெகுதூரம் செல்லாது, ஒலி செல்லும். ஆகவே கப்பலின் அடிப்பகுதியிலிருந்து ஒலித் துடிப்புகளை நீரில் அனுப்பி, அவை எதன்மீதாவது மோதித் திரும்பி வருகின்றனவா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதற்கான கருவி சோனார். வௌவால் இருட்டில் வழி காண்பது போன்ற வித்தைதான் இது. ஆனால் வௌவாலுக்கு இல்லாத சங்கடம் கப்பலுக்கு உண்டு. நம் பக்கத்துக் கடல்களில் மேல்நீர் வெயிலில் சூடாகிக் கிடக்க, அடிநீர் குளிர்ந்திருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒலி நேர்கோட்டில் செல்லாமல் வளைந்துவிடும். அந்த அடுக்குக்குக் கீழே பதுங்கும் நீர்மூழ்கி, மேலே செல்லும் கப்பலின் இயந்திர ஓசையைக் கேட்டுக்கொண்டேயிருக்க, கப்பலோ அதை அறியாமலே கடந்துபோகலாம். கப்பல் வேகமாகச் சென்றால் அதன் சொந்த இரைச்சலே அதன் காதை அடைத்துவிடும். மெதுவாகச் சென்றால் காது திறக்கும், ஆனால் எளிதில் குறிவைக்கத்தக்க இலக்காகிவிடும். வேட்டைக்கு வந்தவனுக்கும் வேட்டைப்பொருளுக்கும் நடுவே உள்ள தூரம் அத்தனை குறைவு.

டிசம்பர் 3-ஆம் தேதி மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கியதும் போர் மூண்டது. மறுநாள் இரவே நம் கடற்படை கராச்சியின் வாசலைத் தட்டியது. சோவியத் நாட்டில் செய்த சின்னஞ்சிறு ஏவுகணைப் படகுகள் மூன்று, இரண்டு பெரிய கப்பல்களின் துணையோடு இருளில் சென்று, பகைக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டு, ஒரு சேதமுமின்றித் திரும்பின. ஆண்டுதோறும் டிசம்பர் 4 கடற்படை நாளாகக் கொண்டாடப்படுவது இதன் நினைவாகவே. துணை சென்ற கப்பல்களில் ஒன்றான கில்தானுக்குத் தலைமை வகித்த கமாண்டர் கோபால் ராவ் மதுரையில் பிறந்தவர். மகாவீர சக்ரம் பெற்று, நெடுங்காலம் வாழ்ந்து, 2021-இல் சென்னையில் காலமானார். வங்காள விரிகுடாவிலோ, கொதிகலன் பழுதுபட்டு முழு வேகத்தில் ஓட இயலாத நிலையிலும் விக்ராந்தைக் கொண்டு கிழக்கு வங்கத்துத் துறைமுகங்களைத் தாக்கிய கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் அதே பதக்கம் கிடைத்தது. அந்த விக்ராந்தைத் தேடித்தான் காஜி என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கி சென்னைக்கு அப்பாலுள்ள கடலைத் துழாவிவிட்டு, விசாகப்பட்டினத்தை நெருங்கி, அங்கேயே தன் ஆட்களோடு அழிந்தது.

இவையெல்லாம் வெற்றிகள். வெற்றிக்கு விருது தருவதில் எவருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

காஜி போனாலும் மேற்கே இன்னொரு நீர்மூழ்கி இருந்தது. பிரான்ஸில் கட்டப்பட்டு, கடற்படையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன, டாஃப்னே வகையைச் சேர்ந்த ஹங்கோர். அதன் தலைவர் கமாண்டர் அகமது தஸ்னீம். சௌராஷ்டிரக் கரைக்கு அப்பால் அது நடமாடுகிறது என்பது, அதிலிருந்து புறப்பட்ட வானொலிச் செய்திகளை நம்மவர் ஒட்டுக்கேட்டதிலிருந்து தெரியவந்தது. நம் கப்பல்கள் போய்வரும் பாதையில் அப்படியொன்றை விட்டுவைக்க முடியாது. குடார் இயந்திரப் பழுதால் முடங்கியிருந்தபடியால், எஞ்சிய குக்ரியும் கிர்ப்பானும் டிசம்பர் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து அந்த வேட்டைக்கு அனுப்பப்பட்டன. தங்கள் சோனாருக்கு எட்டாத தூரத்திலிருந்தே தங்களைக் கேட்கக்கூடிய ஒரு பகைவனை நோக்கிப் போகிறோம் என்பதை அறியாதவர்கள் அல்லர் அவர்கள்; முல்லா நீர்மூழ்கி எதிர்ப்பு அணிக்கே தலைவரன்றோ?

அந்தக் குறையை நிவர்த்திப்பதற்கான முயற்சி ஒன்றும் அதே கப்பலில் நடந்துவந்தது. சோனாரின் கேட்கும் எல்லையைக் கூட்ட ஓர் இளம் லெப்டினன்ட் தாமே வகுத்த சாதனத்தைக் குக்ரியில் பொருத்திப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு மெதுவான வேகம் தேவைப்பட்டது. நீர்மூழ்கி உள்ள கடலில் கப்பல்கள் நேர்வழியில் செல்லாமல் வளைந்து வளைந்து விரைய வேண்டும் என்பது பால பாடம். அந்த இரவில் குக்ரி அப்படிச் செல்லவில்லை. இதைப் பற்றிக் கடற்படைக்குள்ளும் வெளியிலும் பிற்பாடு நிறையவே பேசியிருக்கிறார்கள். அது தவறான நிதானம் என்பார் உண்டு. பழுதான காதோடு வேகமாக ஓடுவதிலும் அபாயம் குறைவில்லையே என்பாரும் உண்டு. நான் கடல் அறியாதவன். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இந்தக் கேள்வியை மறைத்துவிட்டு அவர் வீரத்தை மாத்திரம் பாடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று திடமாக நம்புகிறேன். கப்பலின் வேகத்தை நிச்சயிப்பவர் கேப்டன். அதனால் விளைவது நன்றாயினும் தீதாயினும் அவருடையது. அந்தப் பொறுப்பின் கனம் தெரிந்தவர்களுக்கே, பின்னால் அவர் செய்ததன் கனமும் தெரியும்.

டியூவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவு. இரவு மணி 9-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. நீருக்கடியிலேயே இருந்துகொண்டு, ஒலியை மாத்திரம் துணைக்கொண்டு குறிபார்த்த ஹங்கோர் முதலில் கிர்ப்பான்மீது டார்பிடோவைச் செலுத்தியது; அது கப்பலுக்கு அடியில் சென்றும் வெடிக்கவில்லை. இரண்டாவது, குக்ரியை நோக்கி வந்தது, அது வெடித்தது. ஒரு கணத்தில் விளக்குகள் அவிந்தன. அறிவிப்புக்கான ஒலிபெருக்கியும் செத்துப்போனது. தலைவரின் கட்டளை இனி அவர் குரல் எட்டும் தூரம்வரைதான். கப்பல் சாயத் தொடங்கியது. மூழ்குவதற்கு அது எடுத்துக்கொண்ட நேரம் சில நிமிஷங்களே.

மேலே, கட்டளை மேடையில் நின்றவர்களுக்கு எட்டு அடி எடுத்துவைத்தால் கடல், குதித்து நீந்திவிடலாம். கீழே, இயந்திர அறையிலும் கொதிகலன் அறையிலும் உறங்கும் அறைகளிலும் இருந்தவர்களுக்கோ, சாய்ந்துவிட்ட குறுகலான ஏணிகள், கும்மிருட்டு, மேலே ஒரே ஆள் நுழையக்கூடிய வாயில். பிழைத்துவந்தவர்கள் பிற்பாடு சொன்னவற்றை மேஜர் ஜெனரல் இயன் கார்டோஸோ ஒரு நூலாகவே தொகுத்திருக்கிறார். அந்தச் சில நிமிஷங்களில் முல்லா செய்ததாகப் பலரும் ஒன்றுபோல் கூறுபவை இவை: கப்பலைக் கைவிடும்படி கட்டளையிட்டார், தலையில் காயம் பட்டிருந்தும் நிதானம் தவறாமல், ஆட்களை வெளியேற்றும் காரியத்தைத் தாமே நின்று நடத்தினார், தயங்கி நின்றவர்களைக் கடலில் குதிக்கத் தூண்டினார், கையால் தள்ளவும் செய்தார், தம்மையும் வரும்படி கைநீட்டி அழைத்த இளம் உத்தியோகஸ்தரைப் போகச் சொல்லிவிட்டார், தம் உயிர்காப்பு அங்கியைக் கழற்றி ஒரு மாலுமிக்குக் கொடுத்தார், வெளியேற்றக்கூடியவர்களை வெளியேற்றிய பிறகு, இன்னும் யாருக்காவது உதவ இயலுமா என்று பார்க்கக் கட்டளை மேடைக்குத் திரும்பினார். நீரில் கிடந்து திரும்பிப் பார்த்தவர்கள் கடைசியாக அவரை அங்கேதான் கண்டார்கள்.

கப்பலோடு தலைவனும் மூழ்கவேண்டும் என்று எந்தக் கடற்படையின் சட்டத்திலும் இல்லை. பழைய கடற்கதைகள் வளர்த்துவிட்ட ஓர் எண்ணம் அது. பயிற்சி பெற்ற ஒரு தலைவனை வீணே இழப்பதால் எந்த நாட்டுக்கும் லாபமில்லை. ஆகவே முல்லாவின் செயலை, மானம் காக்க உயிர் விட்ட செயலாக மாத்திரம் பார்ப்பவர்கள் அதன் பாதியைத்தான் பார்க்கிறார்கள். சட்டம் கேட்பது வேறொன்று: தன் ஆட்கள் அனைவரின் உயிருக்கும் தலைவன் பொறுப்பு. கீழே இன்னும் ஆட்கள் இருந்தார்கள். கொதிகலன் அருகே நின்ற ஆள், சமையற்கட்டில் நின்ற ஆள், ஏணியின் அடிப்படியில் முட்டி மோதிக்கொண்டிருந்த ஆள், இவர்கள் எல்லோரும் கப்பலில் இருக்கும்போது அந்தக் கப்பலில் தலைவனின் வேலை முடிந்ததாகாது. வேலை முடியவில்லை என்பதனால் அவர் இருந்தார். முடிவதற்குள் கப்பல் போய்விட்டது. எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது.

குக்ரியோடு 18 உத்தியோகஸ்தர்களும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். சோனாரை மேம்படுத்த முயன்ற அந்த இளம் லெப்டினன்டும் அவர்களில் ஒருவர். பிழைத்தவர்கள் 67 பேர். மூன்றாவது டார்பிடோ தன்மீது ஏவப்பட்டதும் விலகி ஓடிய கிர்ப்பான் உடனே நின்று இவர்களை எடுக்கவில்லையே என்று வாசகர் சிலருக்கு மனம் பதறலாம். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி, அதாவது எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட அதே நாளில், வடகடலில் ஒரே ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கி பிரிட்டனின் போர்க்கப்பல் ஒன்றைத் தாக்கியது. மூழ்குபவர்களைத் தூக்க நின்ற இரண்டாவது கப்பலையும் தாக்கியது. அப்புறம் மூன்றாவதையும் தாக்கியது. இரண்டு மணி நேரத்துக்குள் 1400-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அன்றிலிருந்து உலகத்துக் கடற்படைகள் எல்லாம் ஏற்றுக்கொண்ட கொடிய விதி, நீர்மூழ்கி அருகே இருக்கையில் நிற்காதே என்பது. கச்சால் என்னும் கப்பல் துணைக்கு வந்து மறுநாள் அவர்களைக் கரையேற்றும்வரை, டிசம்பர் மாதத்துக் கடலில், எண்ணெய் படர்ந்த நீரில் அவர்கள் மிதந்து கிடந்தார்கள்.

ஹங்கோரைத் தேடி நம் கப்பல்களும் விமானங்களும் நாலு நாள் கடலைக் கலக்கின. அது தப்பிக் கராச்சி சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கி ஒன்று போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுவே முதல் தடவை. சுதந்திர இந்தியா போரில் இழந்த ஒரே போர்க்கப்பலும் குக்ரிதான். தஸ்னீமுக்கு அவர் நாடு சிதாரா-இ-ஜுர்ரத் என்னும் உயர்ந்த விருதை அளித்தது. அவரும் தம் கடமையைத் திறம்படச் செய்தவரே. அதைச் சொல்வதால் நம் துயரம் குறைவதுமில்லை, நம் கௌரவம் தாழ்வதுமில்லை.

பரமவீர சக்ரம் பெற்ற 21 பேரில் இருபதின்மர் தரைப்படையினர், ஒருவர் விமானப்படையினர்; கடற்படையினர் எவரும் இல்லை. இதை ஒரு குறையாகச் சொல்லி வருந்துகிறவர்கள் உண்டு. கடற்போரின் இயல்பும் இதற்கு ஒரு காரணமோ என்று நான் நினைப்பதுண்டு. தரையில் ஒருவன் தன் கூட்டத்தினின்று பிரிந்து முன்னே பாய முடியும். அவன் செயல் தனியே தெரியும். கப்பலில் எல்லோரும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் வாழ்கிறார்கள், ஒரே இரும்புப் பெட்டிக்குள் சாகிறார்கள். தலைவனின் செயலையாவது மேல்தளத்தில் நின்றவர்கள் பார்த்துச் சொல்ல முடிந்தது. கீழ்த்தளத்தில், தோழனை ஏணியில் ஏற்றிவிட்டுத் தான் நின்றுவிட்டவன் இருந்திருந்தால், அதைப் பார்த்துச் சொல்ல யார் மிஞ்சினார்கள்? சாட்சி இல்லாத இடத்துக்குப் பதக்கம் போகாது. அது பதக்கத்தின் பிழையன்று. ஆயினும் அதே போரில், வங்கத்தின் குல்னா அருகே தன் படகு எரிந்து மூழ்கிய பிறகு, உடம்பெல்லாம் காயத்தோடு தோழர்களை நீரிலிருந்து இழுத்துக் கரைசேர்த்து, அவர்கள் தப்புவதற்காகத் தானே பகைவர்மீது பாய்ந்து சிறைப்பட்ட சிமன் சிங் என்னும் சாதாரண மாலுமிக்கும் மகாவீர சக்ரம் கிடைத்தது என்பதை நினைக்கையில் மனத்துக்கு ஆறுதலாக இருக்கிறது.

போரில் பட்டவனுக்குப் பெயரும் பீடும் பொறித்துக் கல் நடுவது நம் முன்னோர் வழக்கம். செங்கம் பக்கத்துக் கொல்லைகளில் இன்றும் அக்கற்கள் நிற்கின்றன. கடலில் பட்டவனுக்குக் கல் நட இடம் ஏது? டியூவின் கரையில், சக்கர தீர்த்தக் கடற்கரையை ஒட்டிய மேட்டில், குக்ரியின் சிறிய உருவம் ஒன்றைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். அது கடலைப் பார்த்திருக்கிறது. 1989-இல் பம்பாய் மஸகான் துறையில் கட்டிய புதிய போர்க்கப்பலுக்கும் குக்ரி என்றே பெயரிட்டார்கள். 32 ஆண்டு உழைத்து 2021 டிசம்பரில் அது ஓய்வுபெற்றதும், அதையும் டியூவுக்கே காட்சிக் கப்பலாகக் கொடுத்துவிட்டார்கள். அதே கடலின் மறுகரையில், கராச்சியில், ஹங்கோரும் காட்சிப் பொருளாகத்தான் தரையில் நிற்கிறது. 2000-ஆம் ஆண்டில் முல்லாவின் உருவம் தாங்கிய தபால்தலை வெளிவந்தது.

மகாவீர சக்ரத்தோடு ஒவ்வொருவருக்கும் அவர் செய்ததை எடுத்துரைக்கும் ஒரு பாராட்டுரையும் உண்டு. முல்லாவுக்குரியது சிறியது, அரசாங்க நடைக்கு உரிய வறண்ட வாசகங்கள், உபமானம் ஒன்று கிடையாது. கடலில் பகைவர் எப்படி இருந்தார், எவ்வளவு வலியவர் என்பதைப் பற்றி அதிகம் பேசாமல், சாந்தமாகவும் கிரமமாகவும் அவர் தம் ஆட்களை வெளியேற்றியதையும், தம் உயிர்காப்பு அங்கியைக் கொடுத்துவிட்டதையும், திரும்பி மேடைக்குச் சென்றதையும் அது வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. அங்கியைப் பெற்றுக்கொண்டவரின் பெயர் அதில் இல்லை. ஒரு மாலுமி என்று மாத்திரம் எழுதியிருக்கிறது.